பறக்கும் கார்: பட்டறையிலிருந்து ஓடுபாதை வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பறக்கும் கார் மேலெழும்பும் வீடியோ பெரும்பாலும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் பட்டறையில் போன வருடங்களைப் பற்றித்தான் பலரும் கேட்கிறார்கள். எஞ்சினியரிங் மாணவர்களும் விமான ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எந்த வண்டியைப் பறக்கும் கார் என்கிறீர்கள்?

நம்பர் பிளேட்டுடன் சாலையில் ஓட வேண்டும். அதே வண்டி இறக்கையை விரித்து ஓடுபாதையில் ஓடி எழும்ப வேண்டும். பெரிய டிரோன் மாதிரி பல விசிறிகளை வைத்து நேராக மேலே போகும் மின்சார வாகனங்களையும் பத்திரிகைகள் பறக்கும் கார் என்றே எழுதுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ரோட்டில் ஓடாது, சோதிக்கும் முறையும் வேறு. அதனால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு குட்டி விமானம் கட்டுவதைவிட இதில் என்ன பெரிய கஷ்டம்?

முதல் கஷ்டம் சக்கரங்கள் இருக்கும் இடம். சாதாரணக் குட்டி விமானத்தில் பிரதான சக்கரங்கள் எடை மையத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். ஓடுபாதையில் வேகம் கூடியதும் பைலட் கட்டுப்பாட்டுக் கோலை இழுப்பார். வால் கொஞ்சம் கீழே அழுத்தும், மூக்கு எளிதாக எழும். காரில் பின் சக்கரங்கள் வெகுதூரம் பின்னால் இருக்கின்றன. கார் ரோட்டில் ஆடாமல் நிற்பதற்குக் காரணமே அதுதான். பறக்க நினைக்கும்போது அதுவே தடையாகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வண்டி 650 கிலோ. முன் அச்சில் 250 கிலோ, பின் அச்சில் 400 கிலோ விழுகிறது. இரண்டு அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர். அப்படியானால் எடை மையம் பின் அச்சுக்கு 96 செ.மீ. முன்னால் இருக்கும். வால் பின் அச்சிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருந்தால், மூக்கைத் தூக்க அது கிட்டத்தட்ட 208 கிலோ அளவுக்குக் கீழே அழுத்த வேண்டும். அதே எடையுள்ள விமானத்தில் சக்கரம் எடை மையத்துக்கு 25 செ.மீ. பின்னால் இருந்தால் 54 கிலோ போதும். இறக்கையும் கொஞ்சம் தாங்கும் என்பதால் நிஜத்தில் இரண்டு எண்ணும் குறையும். ஆனால் இரண்டுக்கும் இடையிலான விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

இதைச் சமாளிக்கச் சிலர் வாலைப் பின்னால் நீட்டுகிறார்கள். ஸ்லோவாக்கியாவின் ஸ்டீபன் க்ளைன் உருவாக்கிய ஏர்கார் அப்படித்தான்: சாலையில் ஒடுங்கிக் கிடக்கும் வால், பறப்பதற்கு முன் பின்னோக்கி வெளியே வரும். இறக்கையைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்துவது இன்னொரு வழி. மூக்கை அதிகம் தூக்காமலே வண்டி தரையை விட்டு எழும்பிவிடும்.

அடுத்த கஷ்டம் இணைப்புகள். கார் எங்கே முடிந்து விமானம் எங்கே தொடங்குகிறதோ, அங்கேதான் இந்த வண்டிகள் உயிரை வாங்கியிருக்கின்றன. கீழே மிசார் என்ற வண்டியின் கதையில் அது வரும்.

எடை அவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஆமாம். ரோட்டுக்காக பம்பர், கண்ணாடி, விளக்குகள், பிரேக், பாதுகாப்புக் கூண்டு எல்லாம் வேண்டும். மேலே போனதும் அத்தனையும் சும்மா சுமக்கிற எடை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பட்டதாரிகள் 2006-இல் தொடங்கிய டெராஃபுஜியா நிறுவனம் தன் டிரான்சிஷன் வண்டியை இலகுரக விளையாட்டு விமானம் என்ற பிரிவில் பதிவு செய்ய நினைத்தது. அப்போது அந்தப் பிரிவின் எடை வரம்பு 1,320 பவுண்டு, சுமார் 600 கிலோ. சாலைப் பாதுகாப்புச் சாமான்களை வைத்துக்கொண்டு அதற்குள் அடங்க முடியவில்லை. 2010-இல் அமெரிக்க விமானத்துறையான எஃப்.ஏ.ஏ. 110 பவுண்டு கூடுதலாக அனுமதித்தது. வெறும் 50 கிலோவுக்கு அரசாங்கத்திடம் விலக்கு வாங்க வேண்டியிருந்தது. அடுத்த வருடம் சாலைப் பாதுகாப்புத் துறையிடமும் போய், டயர், முன்கண்ணாடி போன்றவற்றுக்குச் சலுகை பெற்றார்கள்.

பட்டறையில் இருக்கும்போது ஒவ்வொரு சாமானையும் பொருத்துவதற்கு முன் தராசில் வைத்து எழுதிவைப்பதுதான் நல்ல பழக்கம். பெயிண்டையும் சேர்த்துத்தான்.

கார் எஞ்சின் போடலாமா, விமான எஞ்சின்தான் வேண்டுமா?

இரண்டும் நடந்திருக்கிறது. டிரான்சிஷனில் 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 இருந்தது. இலகுரக விமானங்களில் சாதாரணமாகப் பார்க்கும் எஞ்சின். ஏர்காரின் முதல் முன்மாதிரியில் 1.6 லிட்டர் பி.எம்.டபிள்யூ. கார் எஞ்சின்.

கார் எஞ்சினுக்கு உள்ள பிரச்சினை வாழ்க்கைமுறை வித்தியாசம். நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போகும்போது அது தன் சக்தியில் சின்னப் பங்கைத்தான் செலவழிக்கும். மேலே எழும்போது முழுச் சக்தி, அப்புறம் மணிக்கணக்கில் முக்கால் சக்தி. அந்த வெப்பத்தை வெளியேற்ற ரேடியேட்டருக்குக் காற்று வேண்டும். எஞ்சின் பின்னால் இருந்தால் தரையில் மெதுவாக உருளும்போது காற்றே வராது. பல முன்மாதிரிகள் ஓடுபாதைக்குப் போய்ச் சேர்வதற்குள் சூடாகிவிடுவது இதனால்தான். குளிரூட்டலை வெயில் ஏறிய மதியத்தில் சோதிக்க வேண்டும், அதிகாலையில் கிடைக்கும் எண்ணை நம்பக்கூடாது.

வேகக் கணக்கும் உண்டு. எஞ்சின் நிமிடத்துக்கு 5,800 சுற்று சுற்றும். புரொப்பெல்லர் அந்த வேகத்தில் சுற்றினால் அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். எனவே நடுவில் பல்சக்கரம் வைத்துக் குறைப்பார்கள். ரோட்டாக்ஸ் 912 யு.எல்.எஸ்.-இல் 2.43-க்கு 1 என்ற விகிதம். 5,800 சுற்று ஏறக்குறைய 2,390 ஆகிவிடும்.

எஞ்சின் ஓரிடத்திலும் புரொப்பெல்லர் தூரத்திலும் இருந்தால் நடுவில் நீளமான தண்டு வரும். அந்தத் தண்டு முறுக்கி முறுக்கி அதிர்ந்து உடையும். அமெரிக்காவின் மோல்டன் டெய்லர் 1949-இல் பறக்கவிட்ட ஏரோகாரில் புரொப்பெல்லர் வாலின் கடைசியில் இருந்தது. முறுக்கு அதிர்வை அடக்க, சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள் நிரம்பிய ஒரு இணைப்பியைத் தண்டில் வைத்தார். குண்டுகள் ஒன்றோடொன்று உரசி அதிர்வை விழுங்கிவிடும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இதுதான். 1956-இல் அந்த வண்டிக்கு முழு விமானச் சான்றே கிடைத்தது.

மடியும் இறக்கையை எப்படிச் சோதிக்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

1973-இல் கலிபோர்னியாவில் ஏ.வி.இ. என்ற நிறுவனம் மிசார் என்ற வண்டியைக் கட்டியது. ஃபோர்டு பின்ட்டோ காரின் மேல் செஸ்னா ஸ்கைமாஸ்டர் விமானத்தின் இறக்கையையும் பின்பகுதியையும் பொருத்தினார்கள். ஆகஸ்ட் 26 அன்று சோதனை பைலட் சார்லஸ் ஜானிஸ் கமரியோ விமான நிலையத்திலிருந்து எழும்பிய கொஞ்ச நேரத்தில், வலது இறக்கையைத் தாங்கும் கம்பியின் அடிப்பிடி விட்டுப்போனது. திரும்பினால் இறக்கை மடங்கிவிடும் என்பதால் நேராகவே போய் ஒரு அவரைத் தோட்டத்தில் இறக்கினார். பிறகு சாலைப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டே விமான நிலையத்துக்குத் திரும்பினார். செப்டம்பர் 11 அன்று அவர் வர முடியவில்லை. நிறுவனத்தைத் தொடங்கிய ஹென்றி ஸ்மோலின்ஸ்கியே ஓட்டினார், கூட அவருடைய கூட்டாளி ஹெரால்டு பிளேக். அதே வலது பக்கக் கம்பி மறுபடி விட்டது. இருவரும் இறந்தார்கள். சரியில்லாத வெல்டிங்கும், காரின் வெளித்தகட்டில் கம்பி பிடிக்கப்பட்டிருந்த இடம் கிழிந்ததும் விசாரணையில் தெரியவந்தன. கார் கதவு மூடத் தகடு போதும். ஒரு விமானத்தின் எடையைத் தாங்க அது போதாது. முதல் எச்சரிக்கை ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது என்பதுதான் மனதை உறுத்துகிறது.

இன்று இதை எப்படிச் சோதிப்பார்கள்? சாதாரண வகைச் சிறு விமானங்களுக்கான பழைய விதிகளில், பறக்கும்போது வரக்கூடிய உச்ச சுமை வண்டி எடையைப் போல 3.8 மடங்கு. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு பாதுகாப்பு சேர்த்தால் 5.7 மடங்கு. 650 கிலோ வண்டிக்கு 3.7 டன். இறக்கையைத் தலைகீழாகப் பொருத்தி, காற்று எங்கே எவ்வளவு தூக்குமோ அந்தக் கணக்கில் மணல் மூட்டைகளை அடுக்குவார்கள். 25 கிலோ மூட்டை என்றால் ஏறக்குறைய 150. அடியில் மரக்கட்டைகள் வைத்திருப்பார்கள், திடீரென்று உடைந்தால் ஆள் மேல் விழாமல் இருக்க. 3.8 மடங்கு சுமை வரை எதுவும் நிரந்தரமாக வளையக்கூடாது. 5.7 மடங்கில் வளையலாம், ஆனால் மூன்று நொடியாவது உடையாமல் நிற்க வேண்டும். இடையிடையே கிறீச்சென்று சத்தம் வரும். அது பசை விடும் சத்தமா, மூட்டைகள் நகர்ந்த சத்தமா என்று ஒருவர் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மடிப்பு இறக்கையில் இதற்கு மேலும் வேலை உண்டு. பூட்டுத் தண்டு முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்று சென்சார் சொல்ல வேண்டும்; பைலட் இருக்கையிலிருந்தே கண்ணாலும் பார்க்கும்படி சிவப்புக் கோடு மாதிரி ஒரு அடையாளம் வேண்டும். அந்தத் தண்டு பாதியில் நின்றால் எஞ்சினுக்கு முழு வேகம் கொடுக்க முடியாதபடி தடை இருப்பது நல்லது. நூற்றுக்கணக்கான முறை மடித்து விரித்து, பூட்டுத் தண்டு நுழையும் ஓட்டை அகன்றிருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள். மில்லிமீட்டரில் ஒரு பங்கு ஆட்டம் கண்டாலும் மேலே போனதும் இறக்கை படபடக்கத் தொடங்கலாம். பிளட்டர் என்கிற அந்த அதிர்வு ஆரம்பித்தால் சில நொடிகளில் இறக்கை போய்விடும்.

காக்பிட்டில் குழப்பம் வராதா?

வந்திருக்கிறது. 1947-இல் அமெரிக்காவில் கன்வேர் 118 என்ற வண்டி இருந்தது. ரோட்டுக்கு ஒரு சின்ன எஞ்சின், பறக்க ஒரு பெரிய எஞ்சின், இரண்டுக்கும் தனித்தனி டேங்க், தனித்தனி மானி. நவம்பரில் சான் டியேகோ பக்கம் நடந்த செயல்விளக்கப் பறப்பில் எரிபொருள் தீர்ந்து அவசரமாக இறங்க வேண்டியதாகி வண்டி நொறுங்கியது. பைலட் சிறு காயத்தோடு தப்பினார். எழும்புவதற்கு முன் அவர் பார்த்தது காருக்கான மானியை என்று சொல்வார்கள்.

இரண்டு இயந்திரங்களுக்கான கருவிகளை ஒரே பலகையில் வைத்தால் இப்படித்தான் ஆகும். பிரேக் பெடலும் திசைமாற்றும் பெடலும் ஒரே இடத்தில் இருந்தால் பைலட்டின் கால் பதற்றத்தில் எதை மிதிக்கும் என்பதையும் தரையிலேயே பயிற்சி செய்து பார்த்துவிட வேண்டும்.

பறப்பதற்கு முன் தரையில் வேறென்ன சோதனைகள்?

எடை பார்ப்பது முக்கியம். ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் தனி எடைமேடை, வண்டி பறக்கும் நிலையில் மட்டமாக. காலி டேங்க், நிறைந்த டேங்க், ஒருவர், இருவர் என்று ஒவ்வொரு விதத்திலும் எடை மையம் எங்கே நகர்கிறது என்று பார்ப்பார்கள். இறக்கையை மடித்தால் அதே எடை மையம் எங்கோ போய்விடும் என்பதால் ரோடு நிலைக்கும் தனியாகப் பார்க்க வேண்டும்.

எரிபொருள் ஓட்டம் அடுத்தது. வண்டியின் மூக்கை எழும்பும் கோணத்துக்கு உயர்த்தி வைத்து, எஞ்சின் பக்கம் குழாயைக் கழற்றி அளவு ஜாடியில் பிடிப்பார்கள். பம்ப் இருந்தால், எஞ்சின் முழு சக்தியில் குடிப்பதைவிட 25 சதவீதம் அதிகமாக வர வேண்டும். பம்ப் இல்லாமல் தானாக இறங்கும் அமைப்பில் 50 சதவீதம் அதிகம். மூக்கு தூக்கியதும் டேங்கிலிருந்து எரிபொருள் வராமல் நின்றுபோகும் வடிவமைப்புகள் இந்த ஜாடி வேலையில்தான் பிடிபடும்.

கேபிள்களையும் கட்டுப்பாட்டுத் தண்டுகளையும் சோதிக்க, ஒருவர் சுக்கானைப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் உள்ளிருந்து முழு பலத்தோடு இழுத்துப் பார்ப்பார். மடிப்பு மூட்டில் போகும் கேபிள் எங்காவது சிக்குகிறதா என்று தெரியும்.

ஓடுபாதையில் என்ன செய்கிறார்கள்?

டாக்ஸி சோதனை, அதாவது எழும்பாமல் தரையிலேயே ஓட்டிப் பார்ப்பது. முதலில் நடக்கிற வேகம், பிறகு படிப்படியாக வேகம் கூட்டி, எழும்பும் வேகத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துவார்கள். ஸ்டீயரிங் எந்த வேகத்தில் பலமிழக்கிறது, திசைச் சுக்கான் எந்த வேகத்தில் பிடிக்கத் தொடங்குகிறது, குறுக்குக்காற்றில் வண்டி எங்கே இழுக்கிறது என்பதெல்லாம் இங்கே தெரிந்துகொள்வது.

ஓடுபாதையிலேயே ஒரு மீட்டர் தூக்கி உடனே இறக்கிவிடும் குட்டித் தாவலைப் பற்றிப் பலருக்கும் பல கருத்து. என் கருத்து: நீளமான ஓடுபாதை இல்லாமல் செய்யவே கூடாது. வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாத நேரத்தில், தரைக்கு மிக அருகில், எழும்புவதா நிறுத்துவதா என்று இரண்டு நொடியில் முடிவெடுக்க வேண்டியிருக்கும். டிரான்சிஷனின் முதல் பறப்பு நியூயார்க் மாநிலத்தின் பிளாட்ஸ்பர்கில் நடந்ததற்கு அங்கே இருக்கும் 3.5 கி.மீ. ஓடுபாதை கைகொடுத்தது. முன்னாள் விமானப்படைத் தளம் அது. அமெரிக்காவின் சாம்சன் நிறுவனம் கட்டிய ஸ்விட்ச்பிளேடு வண்டி முதலில் எழும்பிய மோசஸ் லேக் ஓடுபாதை 4 கி.மீ.க்கும் மேல்.

முதல் பறப்பு எவ்வளவு நேரம்?

எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. 2009 மார்ச் 5 அன்று பைலட் ஃபில் மெட்டியர் டிரான்சிஷனை எழுப்பி, அதே ஓடுபாதையில் இறக்கினார்: 37 நொடி. ஸ்விட்ச்பிளேடு 2023 நவம்பரில் முதல் முறை எழும்பி சுமார் ஆறு நிமிடம் சுமார் 500 அடி உயரத்தில் பறந்தது. அதற்கு முன் 14 வருட உழைப்பு.

அன்று ஒருவர் மட்டும்தான் உள்ளே இருப்பார். காற்று அமைதியாக இருக்கும் அதிகாலையைத் தேர்ந்தெடுப்பார்கள். கையில் சோதனை அட்டை இருக்கும். அதில் எழுதாத எதையும் செய்யக்கூடாது. எந்த வேகம், எந்த உயரம், எந்த வெப்பநிலை வந்தால் கைவிடுவது என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் ஓடுபாதை ஓரத்தில். பத்திரிகையாளர்களை அழைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. பத்துக் கேமரா காத்திருக்கும்போது இன்று வேண்டாம் என்று சொல்வது எந்த பைலட்டுக்கும் எளிதில்லை.

பாராசூட் இருந்தால் போதாதா?

முழு வண்டியையே தாங்கி இறக்கும் ராக்கெட் பாராசூட் இருப்பது நல்லது. 2015 மே 8 அன்று ஸ்லோவாக்கியாவின் நித்ராவில் ஏரோமொபில் 3.0 என்ற பறக்கும் காரின் முன்மாதிரி கட்டுப்பாடு இழந்தபோது, உள்ளே இருந்த, பின்னாளில் ஏர்காரை உருவாக்கிய ஸ்டீபன் க்ளைன் அதை இழுத்துப் பெரிய காயமில்லாமல் தப்பினார். வண்டிதான் போய்விட்டது. ஆனால் பாராசூட் விரிய உயரம் வேண்டும். எழும்பும் நேரத்திலும் இறங்கும் நேரத்திலும் அது பெரிதாக உதவாது. பறப்பின் ஆபத்தான நேரங்களும் அவைதான்.

முதல் பறப்பு முடிந்தால் வேலை முடிந்ததா?

அப்போதுதான் ஆரம்பம். மெதுவாக வேகத்தைக் கூட்டுவது, மெதுவாகக் குறைத்து ஸ்டால் (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் நிலை) வரை கொண்டுபோவது, எடை மையத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பது என்று எல்லையை ஒவ்வொரு அங்குலமாக விரிப்பார்கள். அமெரிக்காவில் தனிநபர் கட்டும் விமானத்துக்குச் சான்று பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் ஜோடியாக இருந்தால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லாவிட்டால் 40 மணி நேரம் மக்கள் கூட்டமில்லாத பகுதியில் பறந்து காட்ட வேண்டும். ஏர்கார் 2021 ஜூன் 28 அன்று நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடம் பறந்தது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட முறை தரையிறங்கியிருந்தது. 2022 ஜனவரியில் ஸ்லோவாக்கியா விமானத்தகுதிச் சான்று தந்தபோது 70 மணி நேரப் பறப்பும் 200-க்கும் மேற்பட்ட எழும்புதல், இறங்குதல்களும் பதிவாகியிருந்தன.

ரோட்டில் ஓட்டிய பிறகு அப்படியே பறக்கலாமா?

விளம்பரம் அப்படித்தான் சொல்லும். சோதனைக் காலத்தில் கூடாது. ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்த சக்கரத்தின் அதிர்ச்சி சஸ்பென்ஷன் வழியாக இறக்கைப் பிடிகளுக்குப் போயிருக்கும். ஒரு கல் புரொப்பெல்லரில் சின்னக் கீறல் போட்டிருக்கும். அந்தக் கீறலிலிருந்துதான் விரிசல் தொடங்கும். ஒவ்வொரு ரோட்டு ஓட்டத்துக்குப் பிறகும் மூட்டுகளைத் திறந்து பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர்களை நினைத்தால் இந்தப் பட்டியல் இன்னும் நீளும்.

இந்தியாவில் ஒருவர் இப்படி ஒன்றைக் கட்டிப் பறக்கவிட முடியுமா?

சட்டப்படி வழி இருக்கிறது, பொறுமை வேண்டும். மும்பை பைலட் அமோல் யாதவ் தன் வீட்டு மொட்டைமாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். 2017-இல் விமானத்துறை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அதைப் பதிவு செய்தது. பறக்க அனுமதி 2019-இல்தான் வந்தது. அதுவும் சோதனைப் பறப்புக்கான அனுமதி.

பறக்கும் காருக்கு இன்னொரு கதவையும் தட்ட வேண்டும். ரோடு பக்கம் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் தேவை. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. மாதிரியான வாகனச் சோதனை மையங்கள் அந்த வேலைக்கானவை. இரண்டு துறையும் ஒரே வண்டியைப் பார்த்து வெவ்வேறு கேள்வி கேட்கும். ஸ்விட்ச்பிளேடு மூன்று சக்கரத்தோடு வந்ததற்கு ஒரு காரணம் இதுதான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மூன்று சக்கர வண்டியை மோட்டார் சைக்கிள் வகையில் சேர்க்கலாம். காருக்கான மோதல் சோதனைகள் கிடையாது. இங்கே முயற்சி செய்பவர்கள் படம் வரைவதற்கு முன்பே, வண்டி எந்த வகையில் பதிவாகும் என்று இரண்டு அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. சக்கரத்தின் எண்ணிக்கையே அதைப் பொறுத்து மாறலாம்.